இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும்

(ஆட்டோமொபைல் பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேகமான கார் என்றதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது "எத்தனை ஹெச்.பி.?" அடுத்தது "நூறைத் தொட எத்தனை செகண்டு?" இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். 2009-இல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்.எஸ். 305 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகம் பிடிக்க 5.9 விநாடி. 2017-இன் ஹோண்டா சிவிக் டைப் ஆர் 320 குதிரைத்திறன், 5.7 விநாடி. 2019-இன் ரெனோ மெகான் ஆர்.எஸ். டிராஃபி-ஆர் 300 குதிரைத்திறன், 5.4 விநாடி. அதற்குப் பின் வந்த சிவிக் 329 குதிரைத்திறன், அதுவும் 5.4. மூன்று நிறுவனங்கள், பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்பு. ஆனாலும் எல்லா எண்ணும் ஐந்தரை விநாடியைச் சுற்றியே நிற்கிறது. நான்கும் முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள்.

இது தற்செயல் இல்லை. இந்த ஐந்தரை விநாடியை ஒரு தாளிலேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். அதை முதலில் போட்டுவிடுவோம். அதற்குப் பிறகுதான் நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம் வரும். முன்சக்கர இயக்கத்துக்கு இவ்வளவு குதிரைத்திறன்தான் தாங்கும் என்று நெடுங்காலம் ஒரு பேச்சு இருந்தது. அந்த எல்லையை உடைத்தது எஞ்சின் இல்லை. முன்சக்கரத்தின் உள்ளே, கையளவு இடத்தில், சில சென்டிமீட்டர் இரும்பை இடம் மாற்றி வைத்ததால்தான் அது உடைந்தது.

டயருக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் பிடிமானம் ஒரே கிணற்றுத் தண்ணீர் மாதிரி. முன்பக்க டயர் இழுக்கும் வயலுக்கும் அதைத்தான் பாய்ச்ச வேண்டும், திரும்பும் வயலுக்கும் அதைத்தான் பாய்ச்ச வேண்டும். பின்சக்கர இயக்கத்தில் இழுவை வேலை பின்னால் போய்விடுகிறது. முன்சக்கர இயக்கத்தில் இரண்டும் ஒரே ஜோடி டயரின் தலையில். வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மூக்கு வெளிப்பக்கம் தள்ளுவது இதனால்தான். இதை அண்டர்ஸ்டியர் என்கிறோம்.

சரி, கணக்கு. சாதாரண ஹேட்ச்பேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 1,400 கிலோ. அதில் 62 சதவீதம் முன் அச்சின் மேல். இரண்டு அச்சுக்கும் இடைவெளி 2.65 மீட்டர். வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில். காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர். உராய்வுக் கெழு 1 என்று வைப்போம். வண்டி முன்னால் பாயும்போது எடை பின்னால் சாய்கிறது. எவ்வளவு சாயும் என்றால், எடையை முடுக்கத்தின் பங்காலும் ஈர்ப்பு மைய உயரத்தாலும் பெருக்கி, அச்சு இடைவெளியால் வகுக்க வேண்டும். புவியீர்ப்பில் பாதி அளவு முடுக்கம் என்றால், சுமார் 145 கிலோ எடை முன் அச்சிலிருந்து பின் அச்சுக்குப் போய்விடுகிறது. இழுக்க வேண்டிய டயர், இழுக்கும் அந்த நேரத்திலேயே இலேசாகிறது. கணக்கைக் கடைசிவரை போட்டால் இந்த வண்டியால் புவியீர்ப்பில் 0.51 பங்கு முடுக்கத்தைத் தாண்டவே முடியாது. 100 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 27.8 மீட்டர், அந்த முடுக்கம் மீட்டர் கணக்கில் 5.03. 27.8-ஐ 5.03-ஆல் வகுங்கள். ஐந்தரை விநாடி. எஞ்சினில் ஆயிரம் குதிரையைக் கட்டினாலும் அதே ஐந்தரை விநாடிதான். டயரின் ரப்பரை மாற்றலாம், எடைப் பங்கீட்டை மாற்றலாம், அச்சு இடைவெளியை நீட்டலாம், வண்டியைத் தாழ்த்தலாம். கொஞ்சம் குறையும். வேறு வழியில்லை.

இதே அளவுகளோடு, எடை பாதிக்குப் பாதி பிரிந்த ஒரு பின்சக்கர வண்டியை வைத்தால், எடை சாய்வது அதற்குச் சாதகம். 0.63 பங்கு கிடைக்கிறது. நாலரை விநாடி. இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, முன்சக்கர இயக்கம் மட்டம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பனி உறைந்த சாலைக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். உராய்வுக் கெழு 0.2 என்று வையுங்கள். முடுக்கம் குறைவு, எடை சாய்வதும் குறைவு. இப்போது முன்சக்கர வண்டிக்கு 0.119, பின்சக்கர வண்டிக்கு 0.104. முடிவு தலைகீழாகிவிட்டது. எரிக் கார்ல்சன் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் சின்னஞ்சிறு சாப் 96 காரை வைத்து 1962, 1963 இரண்டு ஆண்டும் மான்டே கார்லோ ராலியை ஜெயித்ததற்கும், அதற்குப் பின் 1964, 1965, 1967 ஆண்டுகளில் மினி கூப்பர் எஸ் ஜெயித்ததற்கும் ஓட்டியவர்களின் திறமை ஒரு காரணம். இந்தக் கணக்கு இன்னொரு காரணம். ஆல்ப்ஸ் மலையின் பனியில் குறைந்த சக்தியுள்ள முன்சக்கர வண்டிதான் முன்னால் போகும்.

நம் ஊரில் பனி இல்லை, மலை இருக்கிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் மழை நேரத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும். வளைவின் நடுவில் உள்பக்க முன்சக்கரம் கிர்ரென்று சுழலும், வண்டி நகராது. ஏற்றத்தில் எடை பின்னால் சாய்கிறது, வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்கிறது. இரண்டும் சேர்ந்து உள்பக்க முன்சக்கரத்தை ஏறக்குறையத் தூக்கிவிடுகின்றன. டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சமமாகத்தான் முறுக்குவிசை தரும். சுழலும் சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் அழுந்தி நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். வெளிப்பக்க டயரில் பிடிமானம் ஏராளமாக இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாமல் நிற்கிறோம். இந்தச் சுழலும் சக்கரத்தை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இருநூறு குதிரைத்திறன்தான் எல்லை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது வெறும் புரளி இல்லை. எண்பதுகளின் கார் ஒன்று, 1,200 கிலோ எடை. டயர் அந்தக் காலத்து டயர், உராய்வுக் கெழு 0.8. முன்னே சொன்ன அதே கணக்கில் 0.425 பங்கு முடுக்கம் வரும். அந்த முடுக்கத்தை 100 கி.மீ. வேகத்திலும் தக்கவைக்கச் சக்கரத்தில் எவ்வளவு சக்தி வேண்டும் என்று பார்த்தால் 189 குதிரைத்திறன். அதற்கு மேல் வைத்தால் 100 கி.மீ. வரைக்கும் ரப்பர்தான் புகையும். ஆக, அந்தக் காலத்துக்கு அது நியாயமான எண்தான். ஆனால் அதை இயற்கைச் சட்டமாக்கியதுதான் தவறு. 1966-லேயே அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ வந்துவிட்டது. ஏழு லிட்டர் வி8, அந்தக் கால அமெரிக்க அளவையில் 385 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம். எடை ஏறத்தாழ 2 டன், அதில் அறுபது சதவீதம் முன்னால். அவ்வளவு எடை டயரை அழுத்தினால் அது இழுக்கத்தானே செய்யும்! பிரேக் மட்டும் நாலு சக்கரத்துக்கும் டிரம்தான். அந்த எடைக்கு அது போதவில்லை என்ற குறை அப்போதே எழுந்தது.

முடுக்கத்தின் எல்லை இவ்வளவுதான். அதை யாராலும் பெரிதாக மாற்ற முடியாது. ஆனால் ஓட்டுபவரைப் பயமுறுத்துவது அது இல்லை. கையில் பிடித்திருக்கும் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுப்பதுதான் பயமுறுத்தும். இதைத்தான் டார்க் ஸ்டியர் என்கிறார்கள். இதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம், இரண்டு டிரைவ் ஷாஃப்டும் ஒரே நீளம் இல்லை என்பது. எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸை அதன் ஓரத்தில் பொருத்தும் முறையை 1964-இல் ஆட்டோபியாங்கி பிரிமூலாவில் டான்டே ஜியகோசா கொண்டுவந்தார். 1969-இல் ஃபியட் 128 அதைப் பரப்பியது. இன்று உலகின் பெரும்பாலான சிறு கார்கள் அந்த அமைப்பில்தான் இருக்கின்றன, நம் தெருவில் நிற்பவையும் சேர்த்து. அந்த அமைப்பில் டிஃபரன்ஷியல் நடுவில் இருக்காது. ஒரு ஷாஃப்ட் குட்டை, ஒன்று நீளம். வண்டி பாயும்போது மூக்கு உயர்கிறது, இரண்டு ஷாஃப்டும் வெவ்வேறு கோணத்துக்கு வளைகின்றன. ஜாயின்ட்டில் ஏற்படும் பக்க முறுக்கு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டாமல் மிச்சம் ஸ்டியரிங்குக்கு வருகிறது. இதற்கு மருந்தும் எளிது. நீளமான பக்கத்தில் எஞ்சின் பிளாக்கோடு சேர்த்து ஒரு பேரிங் வைத்து, இடையில் ஒரு துண்டு ஷாஃப்டைப் போட்டு, இரண்டு பக்கத்தையும் சமநீளமாக்கிவிடலாம். எண்பதுகளிலேயே இது பரவலாகிவிட்டது.

சமநீளமாக்கிய பிறகும் இழுப்பு முழுதாகப் போகவில்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் ஒரு கற்பனைக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் அந்தக் கோடு மேலே ஸ்ட்ரட்டின் தலையிலிருந்து கீழே பால் ஜாயின்ட் வரை வருகிறது. ஸ்ட்ரட்டின் தலை டயரைத் தாண்டி வெகு உள்ளே இருப்பதால் கோடு சாய்வாக இருக்கும். கோடு சாலையைத் தொடும் இடத்துக்கும் டயர் சாலையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பாடப் புத்தகங்கள் ஸ்கிரப் ரேடியஸ் என்று விரிவாகப் பேசுகின்றன. பிரேக் அடிக்கும்போது அதுதான் முக்கியம், ஏனென்றால் பிரேக் கேலிப்பர் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளோடு சேர்ந்திருக்கிறது. இழுவை அப்படி இல்லை. முறுக்குவிசை வண்டியின் உடலில் உட்கார்ந்திருக்கும் கியர்பாக்ஸிலிருந்து ஷாஃப்ட் வழியாக வருகிறது. அதனால் இழுவிசை ஹப்பின் மேல் செயல்படும் இடம் சக்கரத்தின் மையம், தரை இல்லை. ஆக நாம் அளக்க வேண்டியது சக்கர மையத்தின் உயரத்தில் அந்தக் கோடு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதைத்தான். கோடு சாய்வாக இருப்பதால், தரையில் இடைவெளியே இல்லாமல் இருக்கும்போதும் சக்கர மையத்தில் ஆறேழு சென்டிமீட்டர் விலகியிருக்க முடியும்.

அந்த ஆறு சென்டிமீட்டர் என்ன செய்யும்? நம் 1,400 கிலோ வண்டி முழு முடுக்கத்தில் பாயும்போது ஒவ்வொரு முன்சக்கரமும் சுமார் 3,500 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. ஆறு சென்டிமீட்டர் நெம்புகோலில் அது 210 நியூட்டன் மீட்டர். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு பக்கம் மணல், மறுபக்கம் தார். அல்லது ஒரு பக்கம் சின்னக் குழி. டிஃபரன்ஷியல் ஈடுகட்டுவதற்குள் ஒரு பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு இழுவை குறைந்தால் போதும், 42 நியூட்டன் மீட்டர் ஸ்டியரிங் அமைப்புக்குள் ஓடிவரும். பதினைந்துக்கு ஒன்று என்ற ஸ்டியரிங் விகிதத்தில் கைக்கு வருவது கிட்டத்தட்ட 3 நியூட்டன் மீட்டர். பவர் ஸ்டியரிங் அதில் ஒரு பங்கை விழுங்கினாலும், மீதி கையை உலுக்கப் போதுமானது. எஞ்சின் எவ்வளவு பலமோ உலுக்கலும் அவ்வளவு பலம்.

இப்போது 2002-க்குப் போவோம். அந்த ஆண்டு ஐரோப்பாவில் இரண்டு முன்சக்கர வண்டிகள் வந்தன. ஆல்ஃபா ரோமியோ 147 ஜி.டி.ஏ., 3.2 லிட்டர் வி6, 250 குதிரைத்திறன், சாதாரணத் திறந்த டிஃபரன்ஷியல். இன்னொன்று முதல் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்.எஸ்., 215 குதிரைத்திறன், குவைஃப் நிறுவனத்தின் பல்சக்கர வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். ஆல்ஃபாவின் எஞ்சின் சத்தம் கேட்க அவ்வளவு அழகு. ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது கொல்லிமலையில் நாம் பார்த்த அதே கதை: உள்பக்கச் சக்கரம் சுழன்று சக்தியை வீணாக்கியது. ஃபோர்டில் அந்த டிஃபரன்ஷியல் சுழலும் சக்கரத்திலிருந்து முறுக்குவிசையை எடுத்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு அனுப்பியது. வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாக இழுத்தால் வண்டியின் மூக்கு வளைவுக்குள் திரும்புகிறது. அண்டர்ஸ்டியருக்குக் காரணமான அதே இழுவையே அண்டர்ஸ்டியருக்கு மருந்தாகிறது. முன்சக்கர வண்டியில் எனக்கு இதைவிடப் பிடித்த நிகழ்வு வேறில்லை. ஆனால் அதற்கு விலை உண்டு. இரண்டு பக்க இழுவையும் வேண்டுமென்றே வேறுபடுத்தப்படுவதால், அந்த ஆறேழு சென்டிமீட்டர் நெம்புகோல் முழு மூச்சாக வேலை செய்யத் தொடங்கியது. ஃபோகஸ் ஆர்.எஸ். சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் ஸ்டியரிங்கைப் பிடுங்கியது. கைகளால் மல்லுக்கட்ட வேண்டிய வண்டி என்று பெயர் வாங்கியது.

ஒன்று பிடிமானத்தை வீணாக்கியது, மற்றது பிடிமானத்தைக் காப்பாற்றி ஸ்டியரிங்கைக் கெடுத்தது. இரண்டையும் சேர்த்துத் தீர்க்க வேண்டுமென்றால் நெம்புகோலைக் குட்டையாக்குவதுதான் ஒரே வழி. 2009-இல் 305 குதிரைத்திறனும் 440 நியூட்டன் மீட்டரும் கொண்ட இரண்டாவது ஃபோகஸ் ஆர்.எஸ். வந்தபோது ஃபோர்டு செய்தது அதைத்தான். ரெவோநக்கிள் என்று அதற்குப் பெயர். ஸ்ட்ரட் திரும்பவே திரும்பாது. அது மேலும் கீழும் மட்டும் போகும். அதன் கீழ்ப்பகுதியிலிருந்து நீளும் ஒரு கையில், மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு பிணைப்புகளில் நக்கிள் மட்டும் தனியாகத் திரும்பும். திரும்பும் கோடு இப்போது ஸ்ட்ரட்டின் தலையை நோக்கிச் சாய வேண்டியதில்லை. கிட்டத்தட்ட நிமிர்ந்து, சக்கரத்தின் நடுவை நெருங்கி நிற்கலாம். நெம்புகோல் சிறுத்துவிட்டது. ஓப்பல் இதே எண்ணத்தை ஹைபர்ஸ்ட்ரட் என்றது, ஹோண்டா டூயல் ஆக்சிஸ் ஸ்ட்ரட் என்றது. ரெனோவின் ஸ்போர்ட் பிரிவும் மெகானில் இதே வழியில் போனது. இருநூறு குதிரைத்திறன் என்ற பழைய கோட்டை இந்த உலோகத் துண்டுகள்தான் பயமில்லாமல் தாண்டவைத்தன.

நூர்பர்க்ரிங் பந்தயப்பாதையில் இந்த வழியில் வந்த முன்னேற்றத்தைப் பார்க்கலாம். 2008-இல் ரெனோ மெகான் ஆர்26.ஆர் எட்டு நிமிடம் 17 விநாடியில் சுற்றி வந்து முன்சக்கர வண்டிகளில் சாதனை படைத்தது. 2017-இல் ஹோண்டா சிவிக் டைப் ஆர் ஏழு நிமிடம் 43.8 விநாடி. முப்பத்து மூன்று விநாடி குறைந்திருக்கிறது. இந்த இரண்டு வண்டிகளும் 100 கி.மீ. வேகம் பிடிக்க எடுக்கும் நேரத்தில் வேறுபாடு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. கூடுதல் குதிரைத்திறனுக்கும் டயருக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் சக்தியை வளைவின் பாதியிலேயே தைரியமாகத் தரையில் இறக்க முடிந்ததுதான் பெரிய பங்கு என்பது என் கருத்து.

பின் அச்சைப் பற்றி ஒரு வார்த்தை. வேகமான முன்சக்கர வண்டி வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் போவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது பழுது இல்லை. பின்பக்கத்தை வேண்டுமென்றே கடினமாக்கி, பக்கவாட்டில் சாயும் எடையின் பெரும்பகுதியைப் பின் அச்சே ஏற்கும்படி செய்கிறார்கள். அதனால் முன்பக்க உள்சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும். ஆனால் வளைவின் நடுவில் திடீரென்று காலை எடுத்தால் எடை முன்னால் பாயும், ஏற்கெனவே இலேசான பின்பக்கம் வெளியே சறுக்கும். பெஜோ 205 ஜி.டி.ஐ. இதற்குப் பேர்போனது, தெரிந்தவர்களுக்கு அது விருந்து, தெரியாதவர்களுக்கு ஆபத்து.

இதை ஒட்டி, பந்தயத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்சக்கர வண்டியில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போடும்போது, "இழுக்கிற சக்கரம் முன்னாடி, புதுசை அங்கே போடுங்க" என்று பலரும் டயர் கடையில் சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புதிய டயர் பின்னால் போக வேண்டும். மழைத் தண்ணீரில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் மீளும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றும். உங்கள் வீட்டு வண்டிக்கு இன்று நான் சொன்னவற்றில் இதுதான் உடனே பயன்படும்.

மின்னணுவால் இதையெல்லாம் தீர்க்க முடியாதா என்று கேட்பீர்கள். ஓரளவு முடியும். மாஸ்டாஸ்பீட் 3 காரில் முதல், இரண்டாம் கியர்களில் முறுக்குவிசையைக் கம்ப்யூட்டர் குறைத்துவிடும். உள்பக்கச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து, டிஃபரன்ஷியல் செய்யும் வேலையைப் போலச் செய்வது இன்று விலை குறைந்த வண்டியிலும் உண்டு. மழைச் சாலையில் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கொடுத்த சக்தியைத் திரும்பப் பிடுங்கிப் பிரேக் பேடில் சூடாக்குவதை நல்ல வடிவமைப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. முதலில் வடிவியல் சரியாக இருக்க வேண்டும், மென்பொருள் அதற்குப் பிறகு.

இந்தப் பேச்சை இன்று எடுத்ததற்குக் காரணம் மின்சார வண்டிகள். 2019-இல் இந்தியாவுக்கு வந்த ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக் முன்சக்கர வண்டி. 395 நியூட்டன் மீட்டர், நின்ற இடத்திலிருந்தே. இரண்டாவது ஃபோகஸ் ஆர்.எஸ். அளவை நெருங்கிவிட்டது, அதுவும் டர்போவுக்காகக் காத்திராமல். மேலும், முன்னால் கனத்த எஞ்சின் இல்லை, பேட்டரி தரையோடு பரவியிருக்கிறது. ஈர்ப்பு மையம் தாழ்வது நன்மை, ஆனால் முன் அச்சின் பங்கு 62-இலிருந்து இறங்குகிறது. அந்த இறக்கம் நம் கணக்கில் நேரடியாக அடிக்கும். ஃபோக்ஸ்வாகன் ஐ.டி.3 பின்சக்கர இயக்கத்துக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். வால்வோ 2023-இல் எக்ஸ்சி40 ஒற்றை மோட்டர் வண்டியை முன்னிலிருந்து பின்னுக்கு மாற்றியது. 2024 நவம்பரில் சென்னையில் மஹிந்திரா அறிமுகம் செய்த பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ இரண்டும் பின்சக்கர இயக்கம்தான்.

ஆனால் நடுத்தரக் குடும்பம் வாங்கும் டியாகோ ஈ.வி., நெக்ஸான் ஈ.வி. போன்றவை முன்சக்கர வண்டிகளாகவே இருக்கின்றன. பெட்ரோல் வண்டியோடு உடலைப் பகிர்ந்துகொள்ளும்வரை அப்படித்தான் இருக்கும். மோட்டரின் முறுக்குவிசையை மில்லிசெகண்டுகளில் கூட்டிக் குறைக்கலாம் என்பது பெரிய வரம். எஞ்சினுக்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் முன்னால் இருப்பது அதே மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதே சாய்ந்த கோடு.

இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுவதாகச் சொன்னார்கள். பட்டறையில் ஒரு மின்சார வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றுங்கள். ஸ்ட்ரட்டின் மேல் பிணைப்பையும் கீழ் பால் ஜாயின்ட்டையும் குறித்து, சக்கர மையத்தின் உயரத்தில் திரும்பும் கோடு எங்கே வருகிறது என்று அளந்து எடுங்கள். பிறகு ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ந்த தரையில் வண்டியை எடுத்து, ஸ்டியரிங்குக்கு எவ்வளவு வருகிறது என்று பதிவு செய்யுங்கள். அளந்த தூரத்திலிருந்து கணக்கிட்டதும் பதிவானதும் எங்கே பொருந்துகின்றன, எங்கே விலகுகின்றன என்று என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வரலாம்.